முந்தியவரின் காற்று

உருளும் பொருள் வாரியத்தின் கட்டடம் வட்டமாகக் கட்டப்பட்டிருந்தது. அழகுக்காக அப்படிக் கட்டியதாக வாசல் கல்வெட்டு சொன்னது. ஒருமுறை உள்ளே போய்த் திரும்பியவர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும். வட்டமான தாழ்வாரத்தில் கடைசி அறை என்று ஒன்று கிடையாது. எந்த அறையில் நின்று கேட்டாலும் "அடுத்த அறையில கேளுங்க" என்று சொல்லிவிடலாம். சொல்கிறவருக்குப் பொய் சொன்ன பாவமும் வராது.

அந்தத் தாழ்வாரத்துக்குள் ஒருநாள் காலை மருந்துக்காரர் இரண்டு சைக்கிள் சக்கரங்களைத் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்தார். சிலுவை சுமந்தவர்கள்கூட ஒன்றைத்தான் சுமந்தார்கள் என்று வாசலில் இருந்த காவலாளி நினைத்துக்கொண்டார். ஆனால் அதைச் சொல்லவில்லை, கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் மருந்துக்காரருக்குக் கிடைத்த முதல் உதவி அது. அடுத்த உதவி கிடைக்கப் பல நாள் ஆயிற்று.

அவர் வேலை இதுதான். பத்து நாளைக்கு ஒருமுறை மருத்துவமனையில் ஐஸ் பெட்டியை வாங்கி, மலை உச்சிக் குடியிருப்பில் இருக்கும் டீச்சருக்கு ஊசி மருந்து கொண்டுபோக வேண்டும். டீச்சருக்குச் சர்க்கரை நோய், சின்ன வயதிலிருந்தே. மருந்து குளிர்ந்து இருக்க வேண்டும், சூடானால் அது வெறும் தண்ணீர். உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருக்கும் குளிரே அதைக் காப்பாற்றிவிடும். பெட்டியில் ஐஸ் மூன்று மணி நேரம் தாங்கும். மலைச் சைக்கிளில் போனால் இரண்டேகால் மணி நேரம், நடந்தால் ஐந்து மணி நேரம். சாதாரண சைக்கிள் முதல் திருப்பத்திலேயே படுத்துவிடும். அந்த ஊரில் மலைச் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, நடுவில் முள் இல்லாவிட்டால். பாதையின் இரண்டு பக்கமும் முள்மரங்கள். வெயில் காலத்தில் அவை இலையை வைத்துக்கொண்டு முள்ளை உதிர்க்கும். டியூபில் முள் ஏறினால் இறங்கி, டயரைக் கழற்றி, ஓட்டையைத் தேடி, ஒட்டுப் போட்டு, பம்பு அடிக்க வேண்டும். அரை மணி நேரம் போய்விடும். இரண்டு முள் ஏறினால் ஐஸ் போய்விடும்.

மூன்று முள் ஏறினால் என்ன ஆகும் என்பதை முந்தியவர் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

முந்தியவர் என்றால் மருந்துக்காரருக்கு முன்னால் அதே வேலையைப் பார்த்தவர், அதே சைக்கிளை ஓட்டியவர். நான்கு மாதத்துக்கு முன்னால், உச்சி வெயிலில், பாதையின் பாதியில் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அவர் இதயம் நின்றுபோயிற்று. விறகு வெட்டப் போனவர்கள் பார்த்தபோது கை பம்பின் மேல் இருந்தது. சக்கரம் கல் மாதிரி நிறைந்திருந்தது. மூன்றாவது ஒட்டும் போட்டுக் காற்றை முழுசாக அடித்து முடித்திருந்தார், ஏறிப்போக மட்டும் அவருக்கு மூச்சு மிச்சமில்லை. பெட்டிக்குள் வெந்நீர் இருந்தது. டீச்சரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்தார்கள். உயிர் பிழைத்தார், இடது கண் போயிற்று.

அந்தப் பின் சக்கரத்தைப் பற்றி மருந்துக்காரர் மனைவியிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அவர் வேலைக்கு வந்த இந்த நான்கு மாதத்தில் போகும்போதெல்லாம் முன் சக்கரத்தில் முள் ஏறியது. பின் சக்கரத்தில் ஒன்றும் ஏறவில்லை. காற்றுகூடக் குறையவில்லை. ஒருநாளும் அதற்குப் பம்பு வைத்ததில்லை. முந்தியவர் அடித்துவிட்டுப் போன காற்று அப்படியே இருந்தது. ஏற்றத்தில் மிதிக்கும்போது அவருடைய மூச்சுக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். நின்றால் அதுவும் நிற்கும்.

"நல்லவருதானே, துணைக்கு வர்றாருன்னு நெனச்சுக்கோங்க" என்றாள் மனைவி.

"துணைக்கு வந்தா பரவாயில்ல. அவரு மேல உக்காந்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கே."

பஞ்சர் அக்காதான் வழி சொன்னாள். கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவள். "அண்ணே, டியூபையே தூக்கிப் போட்டுருங்க. ரிம்முல ஸ்போக் ஓட்டையெல்லாம் டேப்பு போட்டு அடைச்சு, வேற வால்வு வச்சு, டயருக்குள்ள பால் ஊத்திட்டா போதும். முள் ஏறினா பால் ஓடி வந்து ஓட்டையில உறைஞ்சுக்கும். நீங்க இறங்கவே வேணாம்." பால் என்று அவள் சொன்னது வெள்ளையாக, ரப்பர் வாடை அடிக்கும் ஒரு திரவத்தை. "முந்தியவருக்கும் இதைத்தான் சொன்னேன். பாவம், அவரு போயி வாரியத்துல எழுதிக் கொடுத்துட்டாரு."

எழுதிக் கொடுக்காமல் முடியாது. சைக்கிள் மருத்துவமனைக்குச் சொந்தம். ஆனால் அதன் சக்கரங்கள் வாரியத்துக்குச் சொந்தம். ஊரில் பொதுச் சொத்தாக எது உருண்டாலும் அது வாரியத்தின் கீழ் வரும். மருத்துவமனைத் தள்ளுவண்டிகள், பள்ளிக்கூடத்துப் பந்துகள் எல்லாம் வந்துவிட்டன. எலுமிச்சம்பழத்தைப் பற்றி மட்டும் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

முந்தியவர் எழுதிக் கொடுத்த பிறகு வந்த புது விதிப்படி, சக்கரங்களை ஒப்படைத்தால்தான் விண்ணப்பத்தையே வாங்குவார்கள். "ஒரே நாள் வேலை" என்று பலகையில் எழுதியிருந்தது. டீச்சருக்கு முந்தின நாள்தான் பத்து நாள் மருந்து கொடுத்திருந்தார். தைரியமாக ஒப்படைத்தார். பதிவு அறையில் இருந்த அம்மா சக்கரங்களை வாங்கிச் சீட்டுக் கட்டி உள்ளே அனுப்பிவிட்டு, பிறகு பேரேட்டைப் புரட்டினாள். அந்த வரிசையில்தான் அங்கே எல்லா வேலையும் நடந்தது.

"இந்தச் சக்கரத்துக்கு ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் உயிரோட இருக்கே."

"எழுதினவர் உயிரோட இல்லீங்கம்மா."

"நான் விண்ணப்பத்தைச் சொல்றேன்."

"அவரு இறந்து நாலு மாசம் ஆச்சுங்க."

"எங்களுக்குத் தெரிவிக்கலையே."

"யாருங்க தெரிவிக்கணும்?"

"விண்ணப்பதாரர்தான். இருப்பிடத்துல மாற்றம் ஏதாச்சும் இருந்தா பதினஞ்சு நாளுக்குள்ள அவரே கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கணும்." அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டாள். "காலம் கடந்து போச்சு. இனிமே அவரு இறந்தாலும் செல்லாது."

அப்போது தாழ்வாரத்தில் ஒரு குரல் கேட்டது. நீளமான, கம்மிப்போன குரல். வாரியத்தின் கூப்பிடுபவர் முந்தியவரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை. சற்று இடைவெளி. இரண்டாவது தடவை. காத்திருப்போர் வரிசையில் நான்காவது நாற்காலி காலியாக இருந்தது. உட்கார இடமில்லாமல் நின்றவர்கள்கூட அதில் உட்காரவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது வட்டமான சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பெயர் மருந்துக்காரரின் முதுகுப் பக்கமாகத் திரும்பி வந்தது. பதிவு அம்மா "ஆஜர் நிலுவை" என்று எழுதி மை ஒற்றினாள்.

மறுநாள் காற்றுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதன் அதிகாரி மூச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்போல மெல்லப் பேசினார்.

"டியூபை எடுத்துட்டா காற்று எங்க இருக்கும்?"

"டயருக்குள்ளயே இருக்குங்க சார்."

"உடுப்பு இல்லாமலா?"

மருந்துக்காரர் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா இந்தப் பிரிவு காற்றை டியூபுக்குள்ள வச்சுக் காப்பாத்திட்டு வருது. சரி, அதை விடுங்க. பின் சக்கரத்துல இருக்கிற காற்று உங்களுது இல்ல. முந்தியவர் அடிச்சது. அவருதான் நேர்ல வந்து ஒப்படைக்கணும். அடுத்தவர் காற்றுல நீங்க நாலு மாசமா ஓட்டியிருக்கீங்க. நியாயமா?"

அந்த ஒரு கேள்வியை மட்டும் மருந்துக்காரர் தன்னையே ஏற்கெனவே பலமுறை கேட்டிருந்தார். தலைகுனிந்து வெளியே வந்தார்.

மூன்றாம் நாள் முள் பிரிவு. அங்கே படிவத்தில் ஒரு கேள்வி: "முள் தானாக வந்து குத்தியதா, தாங்கள் போய்க் குத்திக்கொண்டீர்களா?" தானாக வந்தது என்று எழுதினால் முள் வந்த வழிக்கு வரைபடம் வைக்க வேண்டும். போய்க் குத்திக்கொண்டதாக எழுதினால் தண்டனை உண்டு. நான்காம் நாள், ஐந்தாம் நாள் வரைபடம் வரைவதில் போயிற்று. ஆறாம் நாள் வரைபடத்தைப் பார்த்த முள் அதிகாரி, இதில் முள் இருக்கிறதே, முள் இருக்கும் பாதையில் வாரியம் சக்கரத்தை அனுமதித்திருக்காதே என்று கவலைப்பட்டு அதைக் கிழித்துப் போட்டார்.

ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு அந்தப் பெயர் மூன்று முறை கூப்பிடப்பட்டது.

"டீச்சருக்கு இன்னும் எத்தனை நாளைக்கு மருந்து இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"நாலு நாளைக்கு."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "நீங்க போற இடத்துல பேரு கூப்பிடுறாரே ஒருத்தர், அவருக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னீங்களே. அவருக்கும் சேர்த்து சாப்பாடு கட்டித் தரேன். சுடுதண்ணியும் கொண்டு போங்க."

"அவரால நமக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அவரு வெறும் கூப்பிடுறவரு."

"ஆகணும்னு யாரு சொன்னா? தொண்டை வலிக்குதுல்ல?"

ஏழாம் நாள் மத்தியானம் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கூப்பிடுபவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுடுதண்ணீரைக் குடித்ததும் கண் கலங்கியது.

"முப்பது வருஷமா கூப்பிடுறேன் தம்பி. வந்தவங்க யாரும் என் முகத்தைப் பார்த்ததில்ல. கூப்பிட்டதும் உள்ள ஓடிருவாங்க. வீட்டுல சாப்பாடு போட்டுட்டுக் கூப்பிட்டாகூட நான் ரெண்டு தடவை பேசாம இருக்கேனாம், மூணாவது தடவைதான் எந்திரிக்கிறேனாம். பொண்டாட்டி திட்டுறா."

மருந்துக்காரர் சிரித்தார். கூப்பிடுபவர் சிரிக்கவில்லை.

"உங்க முந்தியவரைக் கூப்பிடுறதுதான் முடியல. இறந்தவருன்னு எனக்குத் தெரியும். மேல சொன்னேன். உன் வேலை கூப்பிடுறது, வர்றதும் வராததும் அவரு வேலைன்னுட்டாங்க. மொதல் மாசம் ஒண்ணும் தெரியல. அப்புறம்..." அவர் தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "மூணாவது தடவை கூப்பிட்டு முடிச்சதும் ஒரு சத்தம் வருது. பம்பு அடிக்கிற மாதிரி. வேகமா இல்ல. களைச்சுப் போனவன் அடிக்கிற மாதிரி. அந்த நாலாவது நாற்காலிப் பக்கமிருந்து. அதான் தினம் ஒரு டம்ளர் தண்ணி வைக்கிறேன்."

"தண்ணி... குறையுதா?"

"சாயங்காலம் பாதிதான் இருக்கு. எலின்னு சொல்லிக்கிறேன். ஆனா எலி குடிச்சுட்டு டம்ளரை நேரா வைக்குமா தம்பி?"

இருவரும் மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். படிக்கட்டில் வெயில் அடித்தது. ஆனாலும் குளிர்ந்தது.

எட்டாம் நாள் கூப்பிடுபவர் எப்படியோ அவரை வாரியத் தலைவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். தலைவர் சுழல் நாற்காலியில் பாதி திரும்பி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வாரியத்தின் சின்னம், ஒரு சக்கரம். அசையாதபடி அதன் அடியில் கட்டை வைத்து வரைந்திருந்தார்கள்.

மருந்துக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். டீச்சரின் கண்ணைச் சொன்னார். இன்னும் இரண்டு நாள்தான் என்று சொன்னார். தலைவர் நிதானமாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. தன் நியாயத்தைத் தானே கேட்டு ரசிப்பவர், அவ்வளவுதான்.

"அவரு உயிரோட இல்லைங்கறீங்க. நாங்க தினமும் மூணு தடவை கூப்பிடுறோம். ஒரு தடவையாவது 'நான் இல்ல'ன்னு சொன்னாரா? சொல்லல. மறுக்காதவரை இருக்கிறவராத்தான் இந்த வாரியம் எடுத்துக்கும். அப்படி எடுத்துக்கிட்டதாலதான் எங்க ஆள் பலம் எப்பவும் முழுசா இருக்கு. என் பிரிவுத் தலைவர்கள்ல பாதிப் பேரை நானே பார்த்ததில்ல. யாரும் இல்லைன்னு மறுத்ததில்ல."

"அப்ப நான் இருக்கேனே சார். இதோ நிக்கிறேனே."

"இருக்கேன்னு வந்து சொல்றவங்களைத்தான் நாங்க உடனே நம்புறதில்ல. அதுக்கு ஆதாரம் வேணும்." தலைவர் புன்னகை செய்தார். "ஆனா நீங்க சொன்னது என் மனசைத் தொட்டுருச்சு. முந்தியவரோட விண்ணப்பத்தை இப்பவே அனுமதிக்கிறேன். நாளைக்கே விழா. டியூப் இல்லாத முதல் சக்கரம் இந்த வாரியத்துலதான் உருளப் போகுது. அதாவது, உருளத் தயாரா நிக்கப் போகுது."

ஒன்பதாம் நாள் நாற்பது பேர் நடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மேசை. மேசையில் இரண்டு சக்கரங்கள். பஞ்சர் அக்கா தன் சாமான் பையோடு வந்து கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

முன் சக்கரத்தின் காற்று சாதாரணமாகப் போயிற்று. பின் சக்கரத்தின் வால்வை அவள் அழுத்தினாள்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெருமூச்சு. அது நிற்கவில்லை. ஒரு சக்கரத்துக்குள் இருக்கக்கூடிய காற்றைவிட அதிகமாக, ஒரு மனிதன் ஒரு மலை முழுவதும் ஏறி வாங்கியிருக்கக்கூடிய அளவுக்கு, மெதுவாக, களைப்பாக, போய்க்கொண்டே இருந்தது. மேசையில் இருந்த காகிதங்கள் ஒவ்வொன்றாக எழுந்து தரையில் இறங்கின. வெயிலில் காய்ந்த இலையின் வாசமும் வேர்வை வாசமும் மண்டபத்தில் பரவின. பஞ்சர் அக்கா விரலை எடுக்கவில்லை. "போங்கண்ணே, போங்க" என்று அவள் முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற மருந்துக்காரருக்கு மட்டும் கேட்டது. அவர் கண்ணை மூடிக் கடவுளை நினைத்தார்.

காற்று அதிகாரி மட்டும் ஒரு பாலித்தீன் பையோடு ஓடி வந்தார். "பிடிங்க, பிடிங்க! கணக்குல உள்ள காற்று!" கொஞ்சத்தைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, முத்திரை வைத்தார். பை மேசையில் இருந்தபடி மெல்ல உப்பியது, இறங்கியது. மறுபடி உப்பியது. அதைப் பார்த்தவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் அது முழுசாக இறங்கிப்போயிற்று. முடிச்சு அவிழவில்லை, முத்திரையும் உடையவில்லை. அதிகாரி பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "காற்று: இருப்பு" என்று எழுதிக்கொண்டார்.

அக்கா இரண்டு டியூபையும் உருவினாள். ரிம்மைத் துடைத்து, ஸ்போக் ஓட்டைகளின் மேல் டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினாள். வால்வு இருக்கும் இடத்தில் சின்னத் துளை போட்டுப் புது வால்வைப் பொருத்தினாள். டயரை ஒரு பக்கம் மாட்டி, உள்ளே பாலை ஊற்றி, மறு பக்கத்தையும் ஏற்றினாள். "இப்ப ஒரே மூச்சுல காற்று போகணும். டயரோட ஓரம் ரிம்முல போய் உக்காரும்போது சத்தம் வரும், யாரும் பயப்படாதீங்க" என்றாள்.

தலைவர் எழுந்து பேசத் தொடங்கினார். "பெரியோர்களே, உள்ளே எதுவும் இல்லாமல் இறுக்கமாக நிற்பது எப்படி என்பதை இந்த வாரியம் இத்தனை ஆண்டுகளாக..."

டமார்!

டயரின் ஓரம் உட்கார்ந்தது. முதல் வரிசையும் உட்கார்ந்தது, மேசைக்கு அடியில். இரண்டாவது டமாருக்கு மேசைக்கு அடியில் இடம் போதவில்லை. அங்கேயும் பதவி வரிசைப்படிதான் உள்ளே விட்டார்கள். அக்கா சக்கரத்தைச் சாய்த்துக் குலுக்கி, பால் எல்லாப் பக்கமும் ஓடும்படி சுழற்றி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். குமிழி வரவில்லை. "நல்லா உக்காந்திருச்சுண்ணே" என்றாள்.

மருந்துக்காரர் கை நீட்டினார். பதிவு அம்மா சக்கரங்களில் சீட்டுக் கட்டினாள். "விண்ணப்பதாரரிடம் நேரில் மட்டும்."

பத்தாம் நாள் காலை எட்டு மணிக்கே மருந்துக்காரர் ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டார். மருத்துவமனையில் ஐஸ் வைத்துக் கொடுத்தது ஏழே முக்காலுக்கு. சக்கரமில்லாத சைக்கிள் வாசலில் காவலாளியின் நாற்காலிமேல் சாய்ந்திருந்தது. டீச்சரிடம் இனி ஒரு சொட்டு மருந்து கிடையாது. அலுவலகமோ பத்து மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் ஐஸ் முக்கால்வாசி தண்ணீராகிவிடும்.

கூப்பிடுபவர் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "முப்பது வருஷத்துல நான் ஒருநாளும் நேரத்துக்கு முன்னாடி கூப்பிட்டதில்ல" என்றார். பிறகு சாவிக் கொத்தை எடுத்தார். அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்த பதிவு அம்மா, "என்ன பண்றீங்க?" என்று எழுந்தாள். அவர் சக்கரங்களை எடுத்து வந்து நான்காவது நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

முந்தியவரின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். இந்த முறை அதட்டலாக இல்லை, வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல.

தாழ்வாரம் அமைதியாக இருந்தது.

"அம்மா, அவரு இல்லைன்னு மறுத்தாரா?"

பதிவு அம்மா நாற்காலியைப் பார்த்தாள். "இல்ல."

"அப்ப ஆஜர். தலைவர் சொன்னதுதானே?" அவர் நாற்காலியின் பக்கம் குனிந்தார். "ஐயா, உங்க சக்கரம் ரெடி. நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. இந்தத் தம்பி உங்களுக்காகத் தூக்கிட்டுப் போகட்டுமா? வேணாம்னா சொல்லிருங்க."

யாரும் தொடாமல் பின் சக்கரத்தின் நடுவில் இருந்த பல்சக்கரம் சுழலத் தொடங்கியது. டிக். டிக். டிக்டிக்டிக். பாதையில் இறக்கம் வரும்போது மிதிக்காமல் விட்டால் வருமே, அந்தச் சத்தம். பிறகு நின்றது.

பதிவு அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அவள் பேனாவை எடுத்து, நான்கு மாதத்தில் முதல் தடவையாக "ஆஜர்" என்று எழுதினாள். "பாத்துப் போங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

சக்கரங்களை மாட்ட ஆறு நிமிடம் ஆயிற்று. காவலாளி சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

முள் காலம் அதன் உச்சத்தில் இருந்தது. பாதை முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. மருந்துக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. நான்கு மாதமாக அவரைப் பயமுறுத்தியது அந்தச் சத்தம். இன்றைக்கு அது இல்லாததுதான் பயமாக இருந்தது.

பாதி வழியில், முந்தியவர் உட்கார்ந்திருந்த அதே வளைவில், பின் சக்கரத்திலிருந்து அது கேட்டது. உஸ்ஸ்ஸ்.

அவர் இறங்கினார். முள் டயரின் நடுவில் ஏறியிருந்தது. பெட்டிக்குள் ஐஸ் சலசலத்தது, கட்டியாக இல்லை, தண்ணீரும் துண்டுமாக. எதிரே பாறையின் நிழல் ஒருவர் உட்காரும் அளவுக்கு இருந்தது. உட்காரச் சொல்லி அழைப்பதுபோல இருந்தது. அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நிமிடம் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது.

உட்காரவில்லை. முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தை மெல்ல உருட்டினார். ஓட்டையில் பால் கொப்பளித்தது. உஸ்ஸென்ற சத்தம் தேய்ந்து, மெலிந்து, யாரோ உதட்டின் மேல் விரல் வைத்ததுபோல அடங்கிப்போயிற்று. வெள்ளையாக ஒரு பொட்டு மட்டும் மிச்சம். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். ஏதோ சொல்லத் தோன்றியது. சொல்லத் தெரியாமல், "வர்றேண்ணே" என்று பாறை நிழலைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். அதற்குப் பிறகு எத்தனை முள் ஏறியது என்று அவர் எண்ணவில்லை.

டீச்சர் பள்ளிக்கூட வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. பேச்சு மட்டும் காயவில்லை.

"என்ன மருந்துக்காரரே, நேர வழியில வந்தீங்களா, வாரியத்தைச் சுத்திக்கிட்டு வந்தீங்களா?"

"ரெண்டும்தான் டீச்சர். மொதல்ல ஊசி போடுங்க, அப்புறம் திட்டுங்க."

பெட்டியைத் திறந்தார். விரல் கனத்துக்கு ஐஸ் மிச்சம் இருந்தது. மருந்துக் குப்பியைத் தொட்டதும் டீச்சர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "அப்பாடி, என்ன ஜில்லுனு இருக்கு" என்றார். ஊசி போட்டுக்கொண்டு கண்ணை மூடி வெகு நேரம் இருந்தார். பார்வை இல்லாத இடது கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. மருந்துக்காரர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தில் நிறம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மருத்துவமனைச் சீட்டை நீட்டினார். டீச்சர் அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து நிரப்பினார். மருந்து, அளவு, தேதி எல்லாம் எழுதிவிட்டு, 'கொண்டுவந்தவர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"உங்க பேருதானே?"

மருந்துக்காரர் கீழே இறங்கிப் போகும் பாதையைப் பார்த்தார். வளைவு இங்கிருந்து தெரியவில்லை.

"அவரு பேரை எழுதுங்க டீச்சர். கிளம்பினது அவருதானே. வந்து சேரக் கொஞ்சம் நேரமாயிடுச்சு, அவ்வளவுதான்."

டீச்சர் ஒவ்வொரு எழுத்தாக, கரும்பலகையில் எழுதும் அதே கவனத்தோடு, அந்தப் பெயரை எழுதினார்.